எச்.ஐ.வி.யின் இரண்டாம் ஏற்பி: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

எச்.ஐ.வி., நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி4 என்னும் புரதத்தைப் பற்றியே தொற்றுகிறது என்று லண்டனிலும் பாரிசிலும் இயங்கிய இரு குழுக்கள் 1984இல் நிறுவின. ஏற்பி தெரிந்துவிட்டது, இனி மருந்து வெகுதூரத்தில் இல்லை என்ற நம்பிக்கை எழுந்தது. அந்த நம்பிக்கை பொய்த்த இடங்களிலிருந்துதான் உண்மையான விடை கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் முரண் 1986இல் வெளிப்பட்டது. ரிச்சர்ட் ஆக்செலும் அவருடன் பணியாற்றியவர்களும் மனித சிடி4 மரபணுவை எலிச் செல்களில் ஏற்றினர். வைரஸ் வந்து ஒட்டியது. ஆனால் உள்ளே நுழையவில்லை. அதே மரபணுவை மனிதரின் ஹீலா செல்லில் ஏற்றியபோது தொற்று உண்டானது. மனிதச் செல்லில் மட்டும் உள்ள வேறொன்றும் தேவை என்பது தெளிவாயிற்று. அதைக் கண்டுபிடிக்கப் பத்தாண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில், செல்லோடு ஒட்டாமல் தனியே கரைந்திருக்கும் சிடி4 மருந்தாகச் சோதிக்கப்பட்டது. இந்தப் போலி ஏற்பி, ஆய்வகத்தில் வளர்த்த வைரஸை எளிதில் தடுத்தது. நோயாளிகளிடமிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த வைரஸைத் தடுக்கவோ 200 முதல் 2,700 மடங்கு வரை கூடுதலாகத் தேவைப்பட்டது என்று டேவிட் ஹோவின் குழு 1990இல் காட்டியது. இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் ஆய்வு இதுதான் என்பேன். ஆய்வகத்து வைரஸும் உடலிலுள்ள வைரஸும் ஒரேபோல் நடந்துகொள்வதில்லை என்பதை அது கண்முன் வைத்தது.

1995 டிசம்பரில் ராபர்ட் காலோ, பாவ்லோ லுஸ்ஸோ குழுவினர், செல்கள் சுரக்கும் கீமோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்கள் மூன்று வைரஸை ஒடுக்குவதைக் கண்டனர். 1996 மே மாதத்தில் எட்வர்ட் பெர்கரின் ஆய்வகம் அந்தப் பத்தாண்டுப் புதிரின் முதல் பாதியை அவிழ்த்தது. சிடி4 ஏற்றிய எலிச் செல்களில் ஹீலா செல்லின் மரபணுத் தொகுப்பைப் பகுதி பகுதியாகப் புகுத்தி, வைரஸின் உறைப்புரதம் தாங்கிய செல்களோடு கலந்தனர். இரண்டும் இணைந்தால் நீலநிறம் தோன்றும். அப்படிப் பிடிபட்டதே சிஎக்ஸ்சிஆர்4. ஆனால் அது பெரும்பாலும் ஆய்வகத்து வைரஸ் பயன்படுத்தும் துணை ஏற்பி. மக்களிடையே பரவும் வைரஸுக்கு உரியது சிசிஆர்5 என்று ஜூன் மாதத்தில் ஐந்து குழுக்கள் அடுத்தடுத்து அறிவித்தன. அந்த மூன்று கீமோகைன்களும் சென்று ஒட்டும் இடமும் அதுவே.

மனிதச் சான்று ஆகஸ்டில் வந்தது. பலமுறை வைரஸுக்கு ஆட்பட்டும் தொற்றாத இருவரின் சிசிஆர்5 மரபணுவில், இரு பிரதியிலும் 32 எழுத்துகள் இல்லை. ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இத்தகையோர். அப்படிப்பட்ட ஒரு கொடையாளரின் குருத்தணுக்களைப் பெற்றே, பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த திமோதி ரே பிரவுன் எச்.ஐ.வி.யிலிருந்தும் விடுபட்டார்.

இதன்பின் நுழைவின் படிகள் தெளிவாயின. வைரஸின் உறைப்புரதத்தின் வெளிப்பகுதியான ஜிபி120 சிடி4ஐப் பற்றியதும் உருமாறித் துணை ஏற்பியைப் பிடிக்கிறது. பிறகு அதே உறைப்புரதத்தின் மற்றொரு பகுதியான ஜிபி41 செல்சவ்வில் குத்தி, மடிந்து, இரு சவ்வுகளையும் ஒன்றாக இழுக்கிறது. அந்த மடிப்பைத் தடுப்பது 36 அமினோ அமிலங்கள் கொண்ட என்ஃபுவிர்டைடு (2003); நாளுக்கு இருமுறை ஊசியாகப் போட வேண்டும். சிசிஆர்5ஐ அடைக்கும் மராவிராக் (2007) மாத்திரையைத் தருமுன், நோயாளியின் வைரஸ் எந்தத் துணை ஏற்பியை நாடுகிறது எனச் சோதிப்பது கட்டாயம். சிடி4ஐப் பற்றும் இபாலிசுமாப் 2018இலும், ஜிபி120ஐயே பற்றும் ஃபோஸ்டெம்சாவிர் 2020இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

இந்த நான்கும் இன்றும் முதல்நிலைச் சிகிச்சையில் இல்லை. பிற மருந்துகளுக்கு வைரஸ் கட்டுப்படாத நோயாளிகளுக்கே இவை பெரும்பாலும் தரப்படுகின்றன.