அன்னபூரணி பெயர் மாறிய வரலாறு

உடுப்பிட்டிச் சந்தியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்பவன் நெடுந்தூரம் நடக்கவேண்டியதில்லை. தோட்டங்களும் பனங்கூடல்களும் முடிவடையும் இடத்தில் வல்வெட்டித்துறைக் கடல் கண்ணிற்படும். இன்று இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் கரையேறிக் கிடக்கும் அந்த மணற்பரப்பிலே, ஒரு காலத்தில் நூறு அடிக்கு அணித்தான நீளமுள்ள மரக்கலங்கள் எலும்புக்கூடுகள் போல் வங்குகளை விரித்து நின்றன. பாய்ச்சீலையும் கயிறும் குங்கிலியமும் மணத்த கரை அது. அக்கரையிற் பிறந்த கப்பலொன்று, சரக்கேற்றும் தொழிலை விட்டு உலாக்கப்பலாக மாறி அமெரிக்கா சேர்ந்தது. அதன் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் அது சொல்லப்படும்பொழுது, பயணத்தின் பெருமை பேசப்படும் அளவுக்கு அந்த மாற்றத்தின் பொருள் பேசப்படுவதில்லை.

உடுப்பிட்டியாருக்கு அமெரிக்கா புதிய பெயரன்று. 1815ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மசாசூசெற்ஸ் மாநிலத்து நியூபெரிபோட் துறைமுகத்திலிருந்து 'டிறையாட்' என்னும் இரு பாய்மரக் கப்பல் புறப்பட்டது. தானியேல் பூவர் முதலிய மிசனரிமார் அதில் ஏறி, 1816ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொழும்பை அடைந்து, பின்னர் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்கள் தொடக்கிய பணியின் வழியாகவே 1852இல் உடுப்பிட்டியில் அமெரிக்க மிசன் பாடசாலை எழுந்தது. டிறையாட் வந்து 122 ஆண்டுகளுக்குப் பின், இங்கிருந்து இரு பாய்மரக் கப்பலொன்று எதிர்த்திசையிற் சென்று, நியூபெரிபோட் இருக்கும் அதே எசெக்ஸ் மாவட்டத்து குளோசெஸ்ரர் துறைமுகத்தில் நங்கூரம் இட்டது. முன்னையது நூல்களைக் கொண்டுவந்தது. பின்னையது கொண்டுசென்றது தன்னைத்தான்.

அன்னபூரணி, 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்றது. கட்டியவர் சுந்தரம்பிள்ளை மேத்திரியார் என்பர். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. உடலுக்கு முதன்மையான மரம் வேம்பு. கறையான் எளிதில் நாடாத மரம் அது. அதன் வளைந்த கொம்புகள் வங்குகளுக்கு இயற்கையாகவே வாய்த்தவை. நேர்மரத்தை வளைத்து ஆக்கும் வங்கைக் காட்டிலும், வளைந்தே வளர்ந்த மரத்திலிருந்து வெட்டிய வங்கு உறுதி கூடியது என்பதை எந்நாட்டுக் கப்பற்றச்சனும் அறிவான். ஏராவைக் கிடத்தி, அணியமும் அமரமும் நிறுத்தி, வங்குகள் நாட்டி, பலகை வைத்து, இடுக்குகளைக் கலப்பற்று வேலையால் அடைத்துக் கடலிற் தள்ளும் வரையில், எழுதிய வரைபடத்திலும் பார்க்க மேத்திரியாரின் கண்ணும் முழக்கோலுமே அதிகாரம் செலுத்தின.

இத்தகைய கப்பல்கள் உழைத்தவை. வங்காள விரிகுடாவெங்கும் அவை ஓடின. பர்மாவிலிருந்தும் தமிழகக் கரையிலிருந்தும் அரிசி வந்தது, ஓடு வந்தது, மரம் வந்தது. இங்கிருந்து பனைமரமும் புகையிலையும் போயின. வாடைக்காற்றும் சோளகமுமே அவற்றின் இயந்திரங்கள்.

வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் இக்கப்பலை வாங்கினார். அவர் கடலறியாச் செல்வரல்லர். 'ஸ்வாப்' என்னும் 32 அடி நீளப் பாய்ப்படகிலே 1928இற் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1931இல் நியூயோர்க் திரும்பியவர். 1934இல் கலாபகசுத் தீவுகளில் அவர் குடல்வால் அழற்சியால் உயிருக்குப் போராடியபொழுது, அமெரிக்கக் கடற்படை பனாமாவிலிருந்து விமானத்தில் மருத்துவரை அனுப்பிக் காப்பாற்றியது. அந்த நோயோடு ஸ்வாப் படகும் அவர் கையை விட்டுப் போயிற்று. உலகத்துத் துறைமுகங்களிற் பலவற்றையும், அவற்றில் நின்ற மரக்கலங்களையும் கண்ட அவர், தமக்கு உரியதாகத் தேர்ந்தது அன்னபூரணியை. பட்டமோ பதக்கமோ பெறாத வல்வெட்டித்துறைத் தச்சர்க்குக் கிடைத்த மிகப்பெரிய சான்றிதழ் இதுவெனலாம். உள்ளூரில் அதைப் படித்தறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

சரக்குக் கப்பலை உலாக்கப்பலாக்குதல் வண்ணம் பூசுவது போன்ற எளிய காரியமன்று. சரக்குக் கப்பலின் வயிறு வெறுமையானது. அந்த வெறுமையே அதன் வருவாய். மனிதர் வாழ்வதற்கு அந்த வயிற்றில் அறைகள் வேண்டும். படுக்கை, அடுக்களை, நன்னீர்த் தொட்டி வேண்டும். வெளிச்சமும் காற்றும் இறங்க மேற்றளத்திலே திறப்புகள் வேண்டும். தளத்தை வெட்டும் ஒவ்வொரு திறப்பும் கப்பலின் உறுதியைச் சிறிது குறைக்கும். புயலின் அலை உள்நுழைய ஒரு வாயிலையும் கொடுக்கும். எனவே வெட்டிய இடமெல்லாம் குறுக்குச் சட்டங்களால் வலுப்படுத்தப்படல் வேண்டும்.

அதனினும் பெரிய சிக்கல் பாரம். அரிசி மூடைகள் நிறைந்த கப்பல், அவற்றின் பாரத்தாலேயே நீரிற் தாழ்ந்து நிலைபெறுகிறது. மூடைகள் போய்விட்டால் அது உயர மிதக்கும். பாய்களிற் காற்று மோதும்பொழுது சரியும். ஆகவே ஏராவை அடுத்து நிரந்தரமான அடிப்பாரம் வைத்தல் அவசியம். குறைவாக வைத்தாற் கவிழும் அச்சம். மிகக் கீழே மிகுதியாக வைத்தால், சரிந்த கப்பல் வெடுக்கென்று நிமிர்ந்து பாய்மரத்தையே முறித்துவிடும். உழைப்புக்குப் பிறந்த உடலொன்றை ஓய்வுக்குப் பழக்கும் பொழுது இவ்வாறுதான் இடர் நேர்கிறது. அதன் வடிவமோ மாறுவதில்லை. மேத்திரியார் வைத்த வளைவு, மேலே என்ன கட்டினாலும் நீருக்குள் அப்படியே நிற்கிறது.

பெயரும் மாறியது. உலகுக்கு அன்னமூட்டும் அன்னையின் பெயரைச் சுமந்து அரிசி ஏற்றிய கப்பல், உரிமையாளரின் மனைவி பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆயிற்று. வாங்கியவருக்கு அவ்வுரிமை உண்டு. எனினும் தொழிலுக்கு அத்தனை பொருத்தமான பழைய பெயரை எழுத்தெழுத்தாக அழித்த கை ஒரு கணம் தயங்கியிருந்தாற் தவறில்லை.

1937இல் அது இலங்கைக் கரையை நீங்கியது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு வல்வெட்டித்துறை மாலுமிகளும் பாய்களை ஆண்டனர். வங்காள விரிகுடாவிற் பழகியவர்க்கு அரபிக்கடல் அந்நியமன்று. வாடைக்காற்று ஏடன் பக்கம் தள்ளிவிடும். செங்கடலோ அவ்வாறன்று. அதன் வடபாதியில் ஆண்டின் பெரும்பகுதியும் வடக்கிலிருந்தே காற்று வீசும். பருமல்களிற் குறுக்குப்பாய் கட்டிய கப்பல் எதிர்காற்றில் வல்லதன்று. இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி, நாள் முழுவதும் ஓடி, சில மைல்களே முன்னேற வேண்டியிருக்கும். பவளப்பாறைகள் இருமருங்கும் காத்திருக்கும். சுயெஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, கிபிறால்ரர் வழியே அற்லாந்திக்கில் இறங்கி, பெர்மியூடாத் தீவைத் தொட்டு, ஏறக்குறைய 10,000 மைல் ஓடிய கப்பல் 1938ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 1ஆம் நாள் குளோசெஸ்ரரை அடைந்தது. அப்பொழுது கப்பற்றலைவர் பதவியில் அமெரிக்கர் ஒருவர் இருந்தார். வேட்டியும் சந்தனமும் அறிந்த ஊரிலிருந்து வந்தவர்கள் அற்லாந்திக்கின் குளிரில் மரமேறிப் பாய் சுருட்டினார்கள்.

குளோசெஸ்ரர் பாய்க்கப்பலின் அருமை அறிந்த ஊர். தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பலில் மீன்பிடித்த அவ்வூராரும் அப்பொழுது இயந்திரத்துக்கு மாறிக்கொண்டிருந்தனர். அதே 1938ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான் கனடாவின் 'புளூநோஸ்' கப்பலுக்கும் குளோசெஸ்ரரின் 'கேற்றூட் எல். தேபோ' கப்பலுக்கும் இடையே மீனவரின் கடைசிப் பாய்க்கப்பற் பந்தயம் நிகழ்ந்தது. தம் கப்பல்கள் மறையும் வேளையில், கையால் இழைத்த தமிழ்க்கப்பலொன்று வந்து நின்றதை அவ்வூரார் வேடிக்கைப் பொருளாக மட்டும் நோக்கியிருக்க முடியாது. 'பொஸ்ரன் குளோப்' நாளிதழ் அதனைச் செய்தியாக்கியது.

வல்வெட்டித்துறையிலும் அதே மறைவு தொடங்கியிருந்தது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இரங்கூன் அரிசிக்கு வழி அடைபட்டது. யுத்தத்தின் பின் வணிகத்தை அனுமதிப்பத்திரங்களும் சுங்கவிதிகளும் இறுக்கின. பாய்க்கப்பலின் சந்தை சுருங்கச் சுருங்க, புதிய ஏராவைக் கிடத்துவோர் அருகினர். மேத்திரியாரிடம் பழகிய பிள்ளைகள் வேறு தொழில்களை நாடினார்கள். எழுதி வையாத கணக்கு என்பதால், கைகள் ஓய்ந்தபொழுது கலையும் ஓய்ந்தது. அன்னபூரணியின் புகழைப் பாடிய ஊர், அதன் அளவுகளைக் குறித்துவைக்க முந்தியிருக்கலாம்.

றொபின்சனோ குளோசெஸ்ரருக்கு அண்மையில் உள்ள இப்ஸ்விச்சிலே கப்பற்பட்டறை நடத்தினார். அங்கு 1942இற் தமக்கென ஒரு கப்பல் கட்டி, 'வறூவா' என்று பெயரிட்டு, யுத்தம் முடிந்ததும் தாகித்தி நோக்கிப் பாய் விரித்தார். 70 அடி நீளமுள்ள அக்கப்பலுக்கும் இரு பாய்மரங்கள், முன்மரத்திலே குறுக்குப்பாய்கள். உலாப்படகு கட்டுவோர் அக்காலத்தில் அரிதாகவே விரும்பிய அமைப்பு அது. அன்னபூரணியோடு வாழ்ந்த அனுபவம் அவ்விருப்பத்துக்கு உரமிட்டிருக்கும் எனக் கருத இடமுண்டு.

அமெரிக்கப் பதிவுகளில் அக்கப்பல் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்றே காணப்படுகிறது. வல்வெட்டித்துறையில் அப்பெயரைச் சொல்லி விசாரிப்பவன் சற்றே காத்திருக்க வேண்டும். அன்னபூரணி என்றால் உடனே கடற்கரையைக் காட்டுவார்கள்.