கடைந்த கல்: சோமநாதபுரத் தூண்களும் எகிப்தியக் கலங்களும்

மைசூர் நகரத்தின் அக்ரஹாரம் பகுதியிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், காவிரிக்கு அருகே சோமநாதபுரம் இருக்கிறது. அவ்வூரும் ஓர் அக்ரஹாரமாகவே தோன்றியது. ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தண்டநாயகனான சோமநாதன், 13ஆம் நூற்றாண்டில் அந்தணர்க்கு நிலமளித்துத் தன் பெயரால் ஊரமைத்துக் கேசவப் பெருமாளுக்கு அங்கே கோயில் எடுப்பித்தான். பேலூர், ஹளேபீடு கோயில்களுடன் சேர்த்து 2023இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த கோயில் அதுவே.

அக்கோயிலின் மண்டபத்துள் நுழைவோர் பெரும்பாலும் அண்ணாந்து விதானத்தைப் பார்ப்பர். கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும் தூண்களைப் பார்ப்பவர் குறைவு. மணி கவிழ்த்தாற் போன்ற வடிவு, அதன்மேல் அடுக்கடுக்காக வளையங்கள், வளையங்களுக்கிடையே கத்தி முனை போன்ற கூர்விளிம்புகள். விரலை வைத்துச் சுற்றிவந்தால் எங்கும் மேடு பள்ளம் தட்டுப்படுவதில்லை. இவை கடைசல் பிடிக்கப்பட்ட தூண்கள் என்பது கலை வரலாற்றாய்வில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கருத்து. மேலைச் சாளுக்கியர் காலத்தில் லக்குண்டி முதலிய ஊர்களில் காணப்படும் இம்முறை ஹொய்சளர் காலத்தில் முதிர்ச்சி பெற்றது.

கடைந்த கருவி எஞ்சவில்லை. 60 செ.மீ. விட்டமும் 2.5 மீ. உயரமும் உடைய ஒரு தூணை எடுத்துக்கொண்டால், அதன் எடை ஏறத்தாழ இரண்டு டன் வரும். அதைக் கிடத்திச் சுழற்றினரா, நிறுத்திச் சுழற்றினரா, அல்லது தூணை அசையாமல் வைத்து வெட்டுக்கருவியைச் சுற்றிவரச் செய்தனரா என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. இந்த இடைவெளியில்தான் இணையக் காணொளிகள் குடியேறுகின்றன. ‘மனிதக் கைகளால் இயலாத துல்லியம்’, ‘மறைந்துபோன இயந்திர நாகரிகம்’ என்ற பேச்சு ஹளேபீட்டுத் தூண்களைப் பற்றி ஒலிப்பது போலவே, அதைவிட உரத்த குரலில், எகிப்தின் கற்கலங்களைப் பற்றியும் ஒலிக்கிறது. அங்கே பேச்சோடு எண்களும் சேர்ந்துள்ளன. எனவே முதலில் அந்த எண்களைப் பார்ப்பது நல்லது.

எகிப்தில் அரச வமிசங்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே, பொ.ஆ.மு. நான்காம் ஆயிரத்தாண்டில், கருங்கல், டையோரைட், பசால்ட் போன்ற கடுங்கற்களில் கலங்கள் செய்யப்பட்டன. சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்கு அடியிலுள்ள சுரங்க அறைகளில் மட்டும் ஏறத்தாழ 40,000 கற்கலங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை நொறுங்கியிருந்தன; சிலவற்றில் ஜோசருக்கு முற்பட்ட அரசர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கடந்த சில ஆண்டுகளில், பெரும்பாலும் தனியார் வசமுள்ள சில கலங்களை ஒளிவருடி கொண்டும் சி.டி. ஸ்கேன் கொண்டும் அளந்து, அவற்றின் வட்டம் இலட்சிய வட்டத்திலிருந்து மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கே விலகுகிறது என்று சிலர் வெளியிட்டனர். இக்கால இயந்திரப் பட்டறையின் தரம் இது என்பது அவர்கள் வாதம்.

அளவீடு பிழையானது என்று உடனே தள்ளிவிடுவது ஆய்வு நெறியாகாது. ஆனால் எதை அளந்தனர் என்று கேட்டாக வேண்டும். வருடியில் கிடைத்த ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே கணினி ஒரு வட்டத்தைப் பொருத்துகிறது. புள்ளிகள் அவ்வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதே விடை. சராசரி விலகலைச் சொல்கிறோமா, உச்ச விலகலைச் சொல்கிறோமா என்பதைப் பொறுத்து எண் பல மடங்கு மாறும். எந்தக் கிடைமட்டத்தில் வெட்டி அளந்தோம், கைப்பிடிக் காதுகள் உள்ள பகுதியை விலக்கினோமா என்பவையும் விடையை மாற்றும். அளக்கப்பட்ட கலம் எந்த அகழாய்வில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று சொல்ல இயலாதபோது, அதன் காலமே ஐயத்துக்குரியது. பழம்பொருள் சந்தையில் வாங்கிய ஒரு கலத்தின் துல்லியம் அக்கலத்தைப் பற்றியது மட்டுமே. நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு பட்டறையைப் பற்றிய சான்றாக அதை நிறுத்த, கண்டெடுப்பு வரலாறு வேண்டும்.

இவற்றினும் அடிப்படையானது ஒன்றுண்டு. வட்டம் என்பது அளந்து செய்ய வேண்டிய வடிவமன்று. ஓர் அச்சு நிலையாக இருந்து, பொருளோ கருவியோ அதைச் சுற்றிவந்தால், வட்டம் தானே பிறக்கும். குயவர் அளவுகோல் வைத்துப் பானையை வட்டமாக்குவதில்லை. சக்கரம் அதைப் பார்த்துக்கொள்கிறது. அதே குயவர் வனைந்த இரண்டு பானைகளை அருகருகே வைத்தால், ஒவ்வொன்றும் வட்டம். இரண்டும் ஒரே அளவல்ல. வட்டத்தன்மைக்கு அச்சுப் போதும். ஒரே அளவுக்குத்தான் அளவையும் அச்சுருவும் தேவை. இயந்திர நாகரிகம் ஒன்று இருந்திருந்தால், அதன் முத்திரையை ஒன்றற்கொன்று மாற்றி வைக்கத்தக்க கலங்களில் தேட வேண்டும். எகிப்தியக் கலங்களோ வடிவில் சில வகைகளுள் அடங்கினாலும், அளவில் அவரவர் கைப்படியும் கிடைத்த கல்லின்படியும் வேறுபடுகின்றன.

பிளின்டர்ஸ் பெட்ரி இதை முன்பே கவனித்திருந்தார். 1883இல் வெளிவந்த கீசா பிரமிடுகள் பற்றிய தம் நூலில், குழாய்த் துளைப்பான் கொண்டு கருங்கல்லைத் துளைத்த தடயங்களையும் கலங்கள் கடையப்பட்ட தடயங்களையும் அவர் விவரித்தார். அவர் காட்டிய டையோரைட் கிண்ணத் துண்டு ஒன்று சிறப்பானது. கடையும்போது கிண்ணம் மையம் விலகிவிட்டது. மீண்டும் பொருத்தியவர் பழைய மையத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஆகவே இருவேறு மையங்களுக்குரிய இரு வளைபரப்புகள் ஒரு கூர்வரம்பில் சந்திக்கின்றன. காட்சிப் பெட்டியில் உள்ள குறையற்ற கலங்களைவிட, இந்தத் துண்டே செய்முறையை அதிகம் சொல்கிறது எனலாம். வெட்டுமுனையில் மணிக்கற்கள் பதிக்கப்பட்டிருந்தன என்ற பெட்ரியின் ஊகம் பின்னர் ஏற்கப்படவில்லை. செம்புக் குழாயும் அதனடியில் இட்ட மணலுமே போதும் என்று ஆல்பிரட் லூக்காஸ் முதலியோர் வாதிட்டனர். டெனிஸ் ஸ்டாக்ஸ் அத்தகைய கருவிகளைச் செய்து, கருங்கல்லைத் துளைத்தே காட்டினார். அறுப்பது செம்பன்று, மணலில் உள்ள குவார்ட்ஸ். செம்பு அதை ஏந்திச் செல்கிறது, தானும் தேய்கிறது. வேலை மிக மெதுவானது என்பதையும் அச்சோதனைகள் மறைக்கவில்லை.

கலத்தின் உட்புறத்தைக் குடைந்த கருவி எகிப்திய எழுத்திலேயே இருக்கிறது. மேலே பாரக்கற்கள் கட்டிய ஒரு துளைகோலின் படம் சித்திர எழுத்துக் குறிகளுள் ஒன்று. அக்குறியால் எழுதப்பட்ட சொல் ‘ஹெமுத்’. அதன் பொருள் கைவினை. தச்சர், கொல்லர், சிற்பி அனைவரின் தொழிலுக்கும் பொதுப்பெயர் எழுதக் கற்கலத் துளைகோலை ஒரு சமூகம் தேர்ந்தது என்றால், அக்கருவி அவர்கள் கண்முன் அன்றாடம் இயங்கியது என்று பொருள். கல்லறைச் சுவர்ச் சித்திரங்களில் கைவினைஞர் அதைப் பிடித்துத் திருகும் காட்சிகளும் உள்ளன. ஸ்டாக்ஸின் விளக்கப்படி அது ஒரே திசையில் ஓயாது சுழன்ற கருவியன்று. முன்னும் பின்னுமாகத் திருகப்பட்டது.

முன்னும் பின்னுமான இந்தச் சுழற்சி தமிழருக்கும் கன்னடியருக்கும் புதிதன்று. தமிழில் ‘கடை’ என்ற வினை தயிர் கடைவதற்கும் உரியது, மரத்தையும் உலோகத்தையும் கடைசல் பிடிப்பதற்கும் உரியது. கன்னடத்தில் ‘கடெ’, மலையாளத்தில் ‘கடயுக’ என இதே இருபொருள் தொடர்கிறது. மத்தைக் கயிற்றால் சுற்றி இருபுறமும் மாறிமாறி இழுப்பதும், கடைசல்காரர் கயிற்றாலோ வில்லாலோ தண்டைச் சுழற்றுவதும் ஒரே அசைவு. ஒரு வினைச்சொல் இரண்டையும் குறிப்பது அதனால்தான். மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையிலுள்ள சென்னபட்டணத்தின் மரப்பொம்மைகள் இத்தகைய கடைசலிலிருந்தே வந்தவை. குஜராத்தின் கம்பாத்தில் வைரமுனை பதித்த வில்துளைப்பானால் அகேட் மணிகளைத் துளைக்கும் வழக்கமும் இதன் உறவே. சொல் ஒன்று தனியே ஹொய்சளத் தூண் எப்படிக் கடையப்பட்டது என்பதை நிறுவாது. ஆனால் சுழற்றிச் செதுக்கும் அறிவு இந்நிலத்துக்கு வேற்றுலகத்திலிருந்து வர வேண்டியதில்லை என்பதை அது நினைவூட்டுகிறது.

இரு நாட்டுக் கற்களையும் ஒரே தட்டில் நிறுப்பதும் தவறு. ஹொய்சளர் பயன்படுத்தியது மாக்கல் இனத்தைச் சேர்ந்த குளோரைட் சிஸ்ட். மாக்கல்லுக்குக் கன்னடப் பெயர் ‘பளபத கல்லு’. ‘பளப’ என்பது சிலேட்டில் எழுதும் பலப்பமே. பழைய அக்ரஹாரத்து அடுக்களைகளில் வற்றல் குழம்பு கொதித்த கற்சட்டியும் மாக்கல்லில் கடைந்ததே. மோஸ் கடினத்தன்மை அளவில் இதன் கனிமங்களான டால்க் 1, குளோரைட் 2 முதல் 2.5 வரை. குவார்ட்ஸ் 7. பேலூர் மதனிகைகளின் நகையில் மணி மணியாகக் குடைந்த நுணுக்கமும், தூணின் கூர்விளிம்பும் இந்த மென்மையால் இயன்றவை. தமிழகத்துக் கோயில்களில் கருங்கல் தூண்கள் பெரும்பாலும் சதுரமாகவும் எண்பட்டையாகவும் பதினாறு பட்டையாகவும் அமைந்ததற்குத் திறமைக் குறைவு காரணமன்று, கல் வேறு. அதே கருங்கல்லில்தான் எகிப்தியர் வட்டக் கலம் செய்தனர் என்று எதிர்வாதம் எழலாம். எழட்டும். இடுப்பளவு உயரம்கூட இல்லாத கலத்துக்குச் செலவிடத்தக்க உழைப்பும் தேய்மணலும் வேறு, ஒரு மண்டபம் நிறையத் தூண்களுக்குத் தேவைப்படுவது வேறு. தேய்ப்புப் பொடிகளுள் மிகக் கடியவற்றுள் ஒன்றான குருந்தம் சேலத்திலும் மைசூர்ப் பகுதியிலும் கிடைப்பது. ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ தமிழ்க் குருந்தத்திலிருந்து சென்ற சொல்.

எகிப்தியக் கலங்களில் இன்னும் முழுமையாக விளங்காதவை உண்டு. காதுகள் வைத்த கலத்தின் வெளிப்புறத்தை முழுச் சுற்றாகக் கடைய இயலாது. காதுகளுக்கிடைப்பட்ட பரப்பைக் கையால் தேய்த்தே சேர்த்திருக்க வேண்டும். அப்பரப்பின் விலகல் மற்ற பகுதியின் விலகலைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத் தனியே கணக்கிட்டு வெளியிட்டால், கடைசல் எங்கே முடிந்து கைத்தேய்ப்பு எங்கே தொடங்கியது என்று காட்டலாம். அகழாய்வுப் பதிவுள்ள அருங்காட்சியகக் கலங்களில், உடைந்தவற்றையும் சேர்த்து, இதைச் செய்ய வேண்டும்.

சோமநாதபுரத்தில் வேலை இன்னும் எளிது. கலங்கள் போல் தூண்கள் கைமாறுவதில்லை. கண்டெடுப்பு வரலாறு பற்றிய ஐயமே இல்லை. ஒரே வரிசைத் தூண்களில் ஒத்த வளையங்களின் சுற்றளவையும், தரையிலிருந்து ஒவ்வொரு வளையத்தின் உயரத்தையும் ஒப்பிட்டால், அச்சுப்பலகை கொண்டு வேலை நடந்ததா, கண்மட்டத்தால் நடந்ததா என்பது தெரியவரும். தூணின் உருண்ட பகுதியின் மையமும் சதுர அடிப்பகுதியின் மையமும் ஒன்றா என்று பார்ப்பது அதற்கடுத்தது. பெட்ரியின் கிண்ணத்தில் தெரிந்த மைய விலகல் இங்கும் எங்கேனும் இருக்கக் கூடும்.

யார் செய்தனர் என்பதற்கு மட்டும் கருவி எதுவும் தேவையில்லை. அக்கோயிலின் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் பலவற்றின் அடியில் செய்தவர் தம் பெயரைக் கன்னட எழுத்தில் வெட்டியிருக்கிறார். மல்லிதம்மன் என்ற பெயர் அவற்றுள் அடிக்கடி வருகிறது. மசணிதம்மன் முதலிய வேறு பெயர்களும் உள்ளன. பேலூரில் தாசோஜன், அவர் மகன் சாவணன் ஆகியோர் தம் ஊர் பள்ளிகாவி என்பதையும் சேர்த்தே பொறித்தனர். தூண் கடைந்தவர்களின் பெயர்களை இப்பெயர்களோடு இணைத்துப் பேச இப்போது சான்றில்லை. தூண்களின் அடிப்பகுதிகளையும் மேற்பலகைகளையும் சிறு குறிகளுக்காகத் தனியே பார்வையிடுவதும் அளவீட்டுப் பணியோடு சேர்த்துச் செய்யத்தக்கதே.