ஒன்பதாவது பாட்டு

மெய்ப்புப் பார்த்துப் பழகிய கண் எங்கே போனாலும் எழுத்துப்பிழையில்தான் முதலில் விழும். 'தி ஸோம்பீஸ்' என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்' தட்டை நான் கையில் எடுத்ததே அதனால்தான். அட்டை முழுக்கப் பூவும் வளைவும் வண்ணக்குழம்புமாக 1968-ஐ அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். நடுவே பெரிய எழுத்தில் தலைப்பு. ஒடிஸி என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஒய்' வரவேண்டிய இடத்தில் 'இ' உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு பெரிய பிழை எப்படி அச்சுவரை தப்பிப் போயிற்று?

பாட்டுகள் அப்போது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரே தித்திப்பு. சிணுங்கலான குரல், அடுக்கடுக்காய்ப் பின்குரல்கள், பியானோ. ராக் என்றால் கொஞ்சம் காரம் வேண்டாமா? தட்டை உறைக்குள் போட்டு வைத்துவிட்டேன். சில வாரம் கழித்துப் பாத்திரம் கழுவும்போது வாய் தானாக ஒரு மெட்டை முனகியது. எங்கிருந்து வந்தது என்று தேடினால் இந்தத் தட்டின் முதல் பாட்டு. துள்ளிக்கொண்டு போகும் அந்தப் பாட்டு, சிறையிலிருந்து திரும்பப்போகும் காதலிக்கு எழுதும் கடிதம் என்பது நாலாவது முறை கேட்டபோதுதான் உறைத்தது. கொஞ்சம் தள்ளி, முதல் உலகப்போர் முனையில் நடுங்கும் ஒரு கசாப்புக்காரனின் புலம்பல். அதற்கு நம் நாடகக் கம்பெனிகளின் கால்பெட்டியைப் போல மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் ஒன்றுதான் துணை. தித்திப்பு என்று நான் நினைத்தது மேல்பூச்சு மட்டுமே.

அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டதில்தான் ஒரு சந்தேகம் வந்தது. ஒன்பதாவது பாட்டு, 'திஸ் வில் பி அவர் இயர்'. இரண்டு நிமிடம் சொச்சம். ஸ்டீரியோ பதிப்பைக் காதில் மாட்டிக் கேட்டால் மற்ற பாட்டுகளில் பியானோ ஒரு காதில், குரல்கள் இன்னொரு காதில் என்று இடம் விரிந்துகொண்டே போகும். இந்தப் பாட்டு வந்ததும் அறை சுருங்கிவிடுகிறது. குரல், பியானோ, டிரம்ஸ், இடையில் வரும் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. முதலில் இயர்போனைச் சந்தேகித்தேன். மாற்றிப் பார்த்தேன். கோளாறு தட்டில்தான்.

காலக்கணக்கிலிருந்து ஆரம்பித்தேன். 1967 ஜூனில் இவர்கள் லண்டன் அபே ரோடிலுள்ள இ.எம்.ஐ. கூடத்துக்குள் நுழைகிறார்கள். பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' வேலையை முடித்துவிட்டுப் போய்ச் சில வாரம்தான் ஆகியிருந்தது. ஜான் லெனன் விட்டுப்போன மெல்லோட்ரானை எடுத்து வாசித்தோம் என்கிறார் கீபோர்டு வாசித்த ராட் ஆர்ஜென்ட். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு ஒலிநாடா ஓடும் வாத்தியம் அது. கட்டையை அழுத்தினால் பதிந்து வைத்த புல்லாங்குழலோ வயலினோ எட்டு நொடி பேசும், பிறகு நின்றுவிடும். அபே ரோடு கிடைக்காத நாட்களில் ஒலிம்பிக் கூடம். நவம்பரில் வேலை முடிகிறது.

துப்பு கிடைத்தது இசைக்குறிப்புகளில் இல்லை, கணக்கில். சி.பி.எஸ். நிறுவனம் கொடுத்த முன்பணம் சுமார் 1,000 பவுண்டு. அதற்குள் முழு ஆல்பத்தையும் ஒற்றைத் தடத்தில், அதாவது மோனோவில், முடித்துக் கொடுத்தார்கள். பிறகு ஸ்டீரியோவும் வேண்டும் என்றது நிறுவனம். பணமோ தீர்ந்துவிட்டது. ஆர்ஜென்டும் பேஸ் வாசித்த கிரிஸ் ஒயிட்டும் பாட்டெழுதிய ராயல்டியிலிருந்து சுமார் 200 பவுண்டு எடுத்துக் கட்டினார்கள். மூல நாடாக்களைத் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாக விரித்துக் கலந்தார்கள். ஒன்பதாவது பாட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

ஏனென்றால் மூல நாடாவில் பித்தளை வாத்தியங்களே இல்லை. மோனோ கலவை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர்களுடைய பழைய தயாரிப்பாளர் கென் ஜோன்ஸ் அந்த வாத்தியங்களை நேராக அதன் மேலேயே வாசிக்கவைத்துப் பதிந்திருந்தார். பாலில் கலந்த தண்ணீரைத் திரும்ப எப்படிப் பிரிப்பது? வேறு வழியில்லாமல் மோனோவையே எடுத்து, இரண்டு பக்கமும் சற்று வேறுபடும்படி செயற்கையாக மாற்றி ஸ்டீரியோ தட்டில் சேர்த்தார்கள். என் இயர்போனில் அறை சுருங்கிய காரணம் இதுதான்.

அட்டைப் பிழைக்கு வருகிறேன். பெயரைத் தவறாக எழுதியவர் ஓவியர் டெர்ரி குவர்க், கிரிஸ் ஒயிட்டுடன் ஒரே வீட்டில் குடியிருந்தவர். ஆனால் பல காலம் வேறு கதை உலவியது. பாடலைக் குறிக்கும் 'ஓட்' என்ற சொல்லை உள்ளே ஒளித்துவைத்து வேண்டுமென்றே செய்த சிலேடை என்று சமாளித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிற்பாடுதான் அது வெறும் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். இதற்குப் பிறகு பேட்டிகளை ஒரு கண் மூடிக்கொண்டுதான் படிக்கிறேன். நாடாவுக்குச் சமாளிக்கத் தெரியாது.

1968 ஏப்ரலில் ஆல்பம் வெளிவந்தபோது குழுவே இல்லை. முந்தின டிசம்பரிலேயே கலைந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் யாரும் சீந்தவில்லை. லண்டனில் ஒரு பிரதியை வாங்கிப்போன இசைக்கலைஞர் அல் கூப்பர் வற்புறுத்தியதால்தான் அமெரிக்காவிலும் வெளியிட்டார்கள். அங்கே கடைசிப் பாட்டான 'டைம் ஆஃப் தி சீசன்' 1969-இல் பில்போர்டு பட்டியலில் 3-ஆம் இடத்துக்குப் போனது. பாடகர் காலின் பிளன்ஸ்டோன் அந்தச் சமயம் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குப் போய்விட்டிருந்தார். அசல் ஆட்கள் இல்லையே என்று அமெரிக்காவில் போலி ஸோம்பீஸ் குழுக்களைக் கச்சேரிக்கு அனுப்பினார்கள். ஒன்றில் வாசித்த இருவர் பின்னாளில் 'ஸீஸீ டாப்' குழுவில் பேர்பெற்றார்கள்! இதற்கென்றே தனிக் கட்டுரை எழுதலாம்.

அசல் குழுவில் எஞ்சிய நால்வரும் ஆல்பத்தை முழுசாக மேடையில் வாசித்தது 2008-இல், லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில். நாற்பது வருடம் தாமதம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-இல் போட்ட சிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் 80-ஆவது இடம் கொடுத்தது; 2020-இல் 243-க்கு இறக்கியது. இடைப்பட்ட காலத்தில் ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

பிற்பாடு வந்த ஒரு மறுவெளியீட்டில் நான் தேடிய கடைசிச் சாட்சி இருந்தது. ஒன்பதாவது பாட்டின் மூல நாடாவிலிருந்து எடுத்த உண்மையான ஸ்டீரியோ, பித்தளை இல்லாமல். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கேட்டேன். அறை விரிந்தது. மோனோவில் புதைந்துகிடந்த பியானோவின் ஒவ்வொரு அழுத்தமும் தனித்தனியாக வந்தது. பேஸ் எங்கே நடக்கிறது என்று விரலால் காட்டலாம் போலிருந்தது. பித்தளை வரவேண்டிய இடம் வந்தது. அங்கே வெறுமை. அப்போதுதான் கவனித்தேன், பாட்டில் இல்லாத அந்தப் பகுதியை ஒரு சுரம் பிசகாமல் நானே முனகிக்கொண்டிருந்தேன்.