கொலைகாரன் யார்? – தமிழ் சினிமாவில் ஒரு கேள்வியின் கதை

(முன்குறிப்பு: இந்தக் கட்டுரையில் எந்தப் படத்தின் கொலைகாரனும் காட்டிக்கொடுக்கப்படவில்லை. தைரியமாகப் படிக்கலாம்.)

சஸ்பென்ஸ் படத்துக்கு வந்தவர் டிப்ஸ் தரவில்லை என்று கோபப்பட்ட தியேட்டர் பையன், கொலைகாரன் யார் என்பதை அவர் காதில் சொல்லிப் பழிவாங்கிய ஜோக் ரொம்பப் பழசு. ஆனால் தமிழ்ப் படங்களுக்கு அந்தப் பையன் தேவையே இல்லை. பல நேரங்களில் போஸ்டரே சொல்லிவிடும்!

எப்படி? மிகவும் எளிது. ஹீரோ கொலை செய்திருக்க மாட்டார். ஹீரோயினும் செய்திருக்க மாட்டார். காமெடியன் பிணத்தைப் பார்த்துப் பயந்து ஓடுவார், அவ்வளவுதான். வில்லன் நடிகர் ஒருவர் "நல்லவராக" வந்து அடிக்கடி புன்னகைத்தால் முடிந்தது கதை. இடைவேளைக்கு முன்பே பாப்கார்னோடு சேர்த்து பதிலையும் மென்றுவிடலாம்.

துப்பறியும் படம் என்பது இயக்குநருக்கும் ரசிகனுக்கும் நடக்கும் ஒரு விளையாட்டு. அதில் இயக்குநர் தடயத்தை ஒளித்து வைக்கலாம். நட்சத்திரத்தின் முகத்தை எங்கே ஒளித்து வைப்பது? தமிழில் இந்த வகைப் படங்களின் வரலாறே இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிய வரலாறுதான்.

நாவலிலிருந்து திரைக்கு

தமிழர்களுக்குத் துப்பறியும் கதை புதிதல்ல. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு பெரிய படை இருந்தது. ரங்கராஜுவின் ராஜாம்பாள், சந்திரகாந்தா நாவல்கள் 1930களிலேயே படமாகிவிட்டன. வடுவூராரின் திகம்பர சாமியாரை 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. அதில் வேஷம் மேல் வேஷம் போட்டுத் துப்பறியும் கதாநாயகன் யார் தெரியுமா? எம்.என். நம்பியார்! பிற்காலத்தில் திரையில் தலையைக் காட்டினாலே "இவன்தான்" என்று தியேட்டர் முடிவு கட்டிவிடும் அதே நம்பியார்.

ஆனால் அந்தப் படத்தில் "யார் செய்தது?" என்பதைவிட "எப்படிப் பிடிப்பார்?" என்பதுதான் சுவாரஸ்யம். "யார்?" என்ற கேள்வியை முழுமையாகத் தோளில் சுமந்து வந்த படம் நான்கு வருடம் கழித்து வந்தது.

1954: செத்துப்போன ஹீரோ

1954 மார்ச்சில் மனோகரா வெளியானது. சங்கிலிகளோடு சிவாஜி கணேசன் பேசிய வசனத்தில் தியேட்டர்கள் அதிர்ந்தன. அடுத்த மாதமே, ஏப்ரல் 13 அன்று, ஏவி.எம்.மின் அந்த நாள் வந்தது. ஆவலோடு போன ரசிகன் கண்ட முதல் காட்சி என்ன? சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார்!

இயக்குநர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர். கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில். ராஜன் என்ற ரேடியோ எஞ்சினியர் வீட்டில் கொலையாகிக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு நாட்டியக்காரி என்று சந்தேகத்துக்குரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். சி.ஐ.டி. சிவானந்தம் (ஜாவர் சீதாராமன், படத்துக்கு வசனமும் இவரே) ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள். ஒவ்வொரு ஃப்ளாஷ்பேக்கிலும் வேறொரு ராஜன் தெரிகிறான்.

அகிரா குரோசவாவின் ரஷோமோன் (1950) பாலசந்தருக்குத் தூண்டுதல் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ரஷோமோன் கடைசிவரை பதில் சொல்லாது, அந்த நாள் சொல்லும். அதைவிட முக்கியம், ரஷோமோனுக்கு இல்லாத ஒரு பிரச்சினை அந்த நாளுக்கு இருந்தது: சிவாஜி. பராசக்திக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தால் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? பாலசந்தர் கண்ட வழி, அந்த முகத்தையே பிணமாக்கியது. ஹீரோ செத்தபிறகு சந்தேகப்படாமல் விட வேண்டியவர் என்று யாரும் மிச்சமில்லை. அதற்கும் மேலே போய், செத்தவன் நல்லவனா என்பதையே படம் கேள்வியாக்கிவிடுகிறது.

இதில் இன்னொரு செய்தி. ராஜன் வேஷத்துக்கு முதலில் கல்கத்தா விஸ்வநாதனை வைத்துக் கொஞ்சம் படம் எடுத்துவிட்டு, அதன்பிறகுதான் சிவாஜியைக் கொண்டுவந்தார்கள். புதுமுகம் செத்திருந்தால் அது ஒரு கொலை. சிவாஜி செத்ததால் அது ஒரு அதிர்ச்சி.

இன்னொரு துணிச்சல், படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. தமிழில் அப்படி வந்த முதல் படம் இதுதான். காரணம் யோசித்தால் புரியும். சந்தேகம் என்பது கொதிக்கிற பால் மாதிரி. நடுவில் டூயட் என்ற தண்ணீரைத் தெளித்தால் அடங்கிவிடும். ஆனால் பாட்டுக்காகவே படம் பார்த்த காலம் அது. ரசிகர்கள் கோபப்பட்டார்கள், வசூல் கைகொடுக்கவில்லை. தேசிய விருதில் நற்சான்றிதழ் கிடைத்தது. லாப நட்டக் கணக்கில் தோற்று, வரலாற்றில் ஜெயித்த படம். அந்தத் தோல்வி தயாரிப்பாளர்களுக்கு ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்தது: கொலை இருக்கலாம், பாட்டு இல்லாமல் கூடாது!

அறுபதுகள்: கொலையும் பாட்டும்

அதனால் அடுத்து வந்தவை பாட்டோடு வந்தன. புதிய பறவை (1964), யார் நீ (1966) இரண்டும் மர்மத்தையும் மெல்லிசையையும் ஒன்றாகக் கட்டின. 1967-ல் அதே ஏவி.எம். எடுத்த அதே கண்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கம், வண்ணப்படம், வேதாவின் துள்ளல் இசை. கொலையாளி முகம் மறைத்து வருகிறான். வீட்டில் இருக்கும் அத்தனை பேர் மீதும் மாறி மாறிச் சந்தேகம் விழுகிறது. பாட்டு வரும்போது பயம் குறைந்தாலும், முடிந்ததும் பழைய இடத்துக்கே இழுத்து வந்துவிடுகிறார்கள்.

பாலசந்தர் சும்மா இருக்கவில்லை. பொம்மை (1964) எடுத்தார். பிறகு நடு இரவில் (1970). ஒரு தீவு, ஒரு பெரிய வீடு, சொத்துக்காக வந்து கூடும் சொந்தக்காரர்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டி 1939-ல் எழுதிய தீவுக் கதையின் வாசனை இதில் உண்டு. இங்கே அவர் பிடித்தது இரண்டாவது வழி. பெரிய ஹீரோவே வேண்டாம். மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி என்று எல்லோரும் குணச்சித்திரம். யாரும் தப்பிக்கலாம், யாரும் மாட்டலாம்.

இன்றைக்கு அதே கதையை எடுக்கத் தீவு தேட வேண்டியதில்லை. மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கம் போகும் வழியில் சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு தனி பங்களா போதும். என்ன, செல்போன் டவரைத்தான் முதலில் கொலை செய்ய வேண்டியிருக்கும் :-)

எழுபதுகளின் கடைசியில் ருசி மாறியது. சிகப்பு ரோஜாக்கள் (1978), மூடுபனி (1980) போன்றவற்றில் கொலையாளி யார் என்பது ரகசியமே இல்லை, அவன் மனசுதான் ரகசியம். மணிவண்ணனின் நூறாவது நாள் (1984), மம்முட்டி தமிழில் அறிமுகமான மௌனம் சம்மதம் (1990) என்று நடுநடுவே சில வந்தன. இத்தனைக்கும் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்கள் பெட்டிக்கடைகளில் தொங்கிய காலம் அது. வாசகன் தயாராக இருந்தான், சினிமாதான் தயங்கியது.

திரும்பி வந்த கேள்வி

2016 டிசம்பர் கடைசியில் துருவங்கள் பதினாறு வந்தது. இயக்குநர் கார்த்திக் நரேன் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். ரகுமானைத் தவிர பெரும்பாலும் பழகாத முகங்கள். முகம் தெரியாதபோது போஸ்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரசிகன் தடயங்களைத்தான் பார்த்தாக வேண்டும். ஆட்டம் நேர்மையாகிவிட்டது.

தடம் (2019) கண்டுபிடித்த வழி இன்னும் அழகு. மகிழ் திருமேனி ஒரே ஹீரோவை, அருண் விஜயை, இரண்டு சந்தேக நபர்களாகவும் நிறுத்தினார். இரண்டு முகமும் ஹீரோ முகமே என்றால் முகம் என்ன துப்பு கொடுக்கும்?

ஹாலிவுட் இதற்குப் பணக்கார வழி ஒன்று வைத்திருக்கிறது. 1974-ல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஷான் கானரி, இங்க்ரிட் பெர்க்மன் என்று பெட்டி நிறைய நட்சத்திரங்களை ஏற்றினார்கள். எல்லோரும் பெரியவர்கள் என்றால் யாரைச் சந்தேகிப்பது? நைவ்ஸ் அவுட் (2019) வரை இதே தந்திரம்தான்.

ராட்சசன் (2018), போர் தொழில் (2023) இரண்டும் வேறு பாதை. அடுத்தது யாரோ என்ற பயமும், ஒருவன் ஏன் இப்படி ஆனான் என்ற கேள்வியும் அவற்றை நகர்த்துகின்றன.

அப்படியென்றால் சுவாரஸ்யம் எதில்?

1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகனிடம் மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் உண்டு. சுருக்கமாக, கணக்கு டேலி ஆக வேண்டும். கடைசிப் பக்கத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு தொகையை எழுதி ஐந்தொகையைச் சமன் செய்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? ரசிகனும் விடமாட்டான். ஏமாந்துபோவது அவனுக்குப் பிடிக்கும். ஆனால் நேர்மையாக ஏமாற்ற வேண்டும். "அட, கண் முன்னாடியே இருந்ததே!" என்று தலையில் அடித்துக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறான்.

பதில் மட்டும்தான் முக்கியம் என்றால் அந்த நாளை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். இன்றும் பார்க்கிறார்கள். முதல் முறை கொலைகாரனைத் தேடுகிறோம். இரண்டாம் முறை, எல்லாம் தெரிந்தபிறகு, நாட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மனிதர்களைப் பார்க்கிறோம். "யார்?" என்ற கேள்வி தியேட்டருக்குள் கூட்டிப்போகும். "ஏன்?" என்ற கேள்விதான் வீடுவரை கூடவே வரும்.

எழுபது வருடம் முன்பு பாட்டில்லை என்று கோபப்பட்ட ரசிகனின் பேரப்பிள்ளைகள் இன்று பாட்டு வந்தால் "ஓட்டிவிடுடா" என்கிறார்கள். பாலசந்தர் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டார், அவ்வளவுதான். அந்த நாளை இதுவரை பார்க்காதவர்கள் இந்த வாரக் கடைசியில் பார்த்துவிடுங்கள். பார்த்தபிறகு ஒரே ஒரு உதவி, பக்கத்து சீட்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!