கு.க. செய்தவர்: கருத்தடையின் வரலாறும் நம் பெண்களின் ஆசையும்



என் அம்மாவிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், எங்களுடைய மார்க்ஷீட் எல்லாம் அதில்தான் இருக்கும். அவற்றோடு நான்காக மடித்த ஒரு தாளும் இருந்தது. அது கு.க. சான்றிதழ், அதாவது குடும்பக் கட்டுப்பாடு அறுவைசிகிச்சை செய்துகொண்டதற்கான அத்தாட்சி. மூன்றாவது பிரசவத்துக்குப் போன இடத்திலேயே ஆபரேசனும் நடந்தது. அப்போது அம்மாவுக்கு இருபத்தைந்து வயது.

எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது, "யார் முடிவு பண்ணது?" என்று அம்மாவிடம் கேட்டேன். "நர்சம்மா சொன்னாங்க, உங்கப்பா கையெழுத்துப் போட்டாரு" என்றார். "அப்பா பண்ணியிருக்கலாமே?" என்றேன். "மூட்டை தூக்குற மனுசன், அவருக்குப் பலம் போயிட்டா யாரு சோறு போடுறது?" என்றார். அம்மாவும் நாற்றுமுடி சுமந்தவர், கட்டு தூக்கியவர். அவருடைய பலத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவரே கூட எடுக்கவில்லை. கடைசியாக, "அதோட எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

எது முடிந்துபோனது? பிள்ளை பெறுவது மட்டுமா? அந்தக் கேள்வியோடுதான் கருத்தடையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த வரலாற்றில் முதலில் கண்ணில் பட்டது ஒரு நீதிமன்ற வழக்கு. பம்பாயில் ரகுநாத் தோண்டோ கர்வே என்ற கணிதப் பேராசிரியர் 1921இல் கருத்தடை மையம் ஒன்றைத் தொடங்கினார். 1927இலிருந்து 'சமாஜ் ஸ்வாஸ்த்யா' என்ற மராத்தி இதழை நடத்தினார். பெண்ணுக்கும் காம இன்பம் உண்டு, அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று எழுதினார். வாசகர்கள் அனுப்பிய பாலியல் கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934இல் அவருக்காக வாதாடியவர் வழக்கறிஞர் அம்பேத்கர். மக்கள் கேட்கும் கேள்விக்கு அறிவியல்படி பதில் சொல்வது ஆபாசமாகாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். வழக்கு தோற்றது. கர்வே அபராதம் கட்டினார்.

பாபாசாகேப் அதோடு விடவில்லை. 1938 நவம்பர் 10 அன்று, பம்பாய் சட்டமன்றத்தில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி கருத்தடைக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தது. அவர் எழுதிய உரையை பி. ஜே. ரோகம் அவையில் முன்வைத்தார். வறுமை, நோய் எல்லாம் அந்த உரையில் வருகிறது. ஆனால் அதன் மையம் வேறு. பிரசவ வலியை ஆண் பட்டிருந்தால் ஒரு பிள்ளைக்கு மேல் சம்மதிக்கமாட்டான் என்கிறது. எந்தக் காரணத்தாலாவது பிள்ளை வேண்டாம் என்று ஒரு பெண் நினைத்தால் அதைத் தடுத்துக்கொள்ளும் நிலையில் அவள் இருக்கவேண்டும் என்கிறது. 'எந்தக் காரணத்தாலாவது' என்ற இடத்தைக் கவனியுங்கள். அவள் யாரிடமும் நியாயம் சொல்லவேண்டியதில்லை. தீர்மானம் தோற்றது.

இங்கே தமிழகத்தில் பெரியார் 1930ஐ ஒட்டியே 'குடி அரசு' இதழில் இதைப் பேசிக்கொண்டிருந்தார். பெண்ணின் உடல்நலத்துக்காக, சொத்து பிரியாமல் இருப்பதற்காக, நாட்டின் வறுமை குறைவதற்காகக் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நாமோ பெண் விடுதலை பெறுவதற்காகவே வேண்டும் என்கிறோம் என்று கோடு கிழித்தார்.

அந்தக் 'மற்றவர்கள்' யார்? 1920களின் கடைசியில் சென்னையில் புதிய மால்தூசியன் சங்கம் இயங்கியது. படித்த, உயர்சாதி, உத்தியோகப் பெரியவர்களின் சங்கம். ஏழைகள் பெருகுவதுதான் அவர்களின் கவலை. காந்தியார் இன்னொரு பக்கம் நின்றார். 1935 டிசம்பரில் வார்தாவில் தம்மைச் சந்தித்த மார்கரெட் சாங்கரிடம், கருவி வேண்டாம், புலனடக்கம் போதும் என்றார். ஒருவருக்கு நம் பிள்ளைகள் பாரம், இன்னொருவருக்கு நம் ஆசையே பாரம். பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் கர்வே, அம்பேத்கர், பெரியார் என்ற சிலர்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு கருத்தடையை எடுத்துக்கொண்டது, கேள்வியை விட்டுவிட்டது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர். ஏ. கோபாலசுவாமி. மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதைப் 'பொறுப்பற்ற தாய்மை' என்ற பொருளில் ஒரு சொல்லால் குறித்தார். பொறுப்பற்ற தந்தைமை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. 1952இல் குடும்பக் கட்டுப்பாடு நாட்டின் அதிகாரபூர்வமான திட்டமானது. 1950களின் பிற்பகுதியில், கோபாலசுவாமி சென்னை மாநில நிர்வாகத்தில் இருந்தபோது, ஆபரேசன் செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் முறை இங்கே வந்தது. 1965இல் லூப் வந்தது. ரத்தப்போக்கு, வலி என்று பெண்கள் சொன்னதை அதிகாரிகள் வதந்தி என்றார்கள். பிறகு சிவப்பு முக்கோணம் சுவரெல்லாம் ஏறியது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், 82 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேசன்கள் நடந்தன. அவற்றில் நான்கில் மூன்று பங்கு ஆண்களுக்கு. நாடு கொதித்தது, ஆட்சியே கவிழ்ந்தது. அடுத்த ஆண்டில் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே போனது. அரசு கற்றுக்கொண்ட பாடம் என்ன? கட்டாயப்படுத்தக்கூடாது என்பதல்ல, ஆணைத் தொடக்கூடாது என்பதுதான். அதன்பின் கத்தி முழுக்கப் பெண் பக்கம் திரும்பியது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண் அறுவை 0.3 சதவீதம். தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கு.க. செய்தவர்கள். 1992இல் இங்கே தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் மகள் பெயரில் பணம் போடவேண்டுமானால் கு.க. சான்றிதழ் வேண்டும். அது ஏன் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம், மூடிக்கிடந்த ஒரு மருத்துவமனையில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் ஆபரேசன் செய்தார். அந்த மாவட்ட முகாம்களுக்குப் போனவர்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். இறந்தவர்களில் தலித், ஆதிவாசிப் பெண்கள் இருந்தார்கள். 2016இல் உச்சநீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தச் சொன்னது.

இது எண்ணிக்கையின் வரலாறு. எண்ணிக்கையில் வராத ஒன்றும் இருக்கிறது. மகளிர் குழுக் கூட்டம் முடிந்து, ஆண்கள் யாரும் இல்லாத நேரத்தில் எங்கள் தெருப் பெண்கள் பேசுவார்கள். "ஆபரேசனுக்கப்புறந்தான் பயமில்லாம அவருகூடப் படுத்தேன்" என்றார் ஓர் அக்கா. மாதாமாதம் நாள் தள்ளிப்போகுமோ என்ற பயம் போனதும், தனக்கும் ஆசை இருப்பது முதன்முதலாகத் தெரிந்ததாம். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். இன்னொரு பெண் சிரிக்கவில்லை. "இனிமே எவங்கூடப் போனாலும் தெரியாதுல்லன்னு தினம் சந்தேகப்பட்டான்" என்றார். மூன்றாமவர் வயதில் சின்னவர். பிரசவம் பார்த்த இடத்தில் கேட்காமலே காப்பர்-டி வைத்துவிட்டார்களாம். "எடுத்துவிடுங்கன்னு போனா, எதுக்கு உனக்கு, வருசத்துக்கு ஒண்ணு பெத்துக்கவான்னு கேட்டாங்க. அன்னிக்கிருந்து என் உடம்பு எனக்கே அசிங்கமா இருக்கு" என்றார்.

மூன்று பேருக்கும் கிடைத்தது கருத்தடைதான். ஆனால் மூன்று பேரும் தங்களைப் பார்த்துக்கொண்ட விதம் வேறு. அதனால்தான் ஆபரேசனே கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். அந்த அக்காவின் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். சாதனம் எது என்பதை மட்டும் வைத்துப் பெண் தன்னைப் பார்ப்பதில்லை. அவளைக் கேட்டார்களா, எப்படிக் கேட்டார்கள் என்பதும் சேர்ந்துதான் அவள் கண்ணாடியாகிறது. கேட்டுச் செய்தால் அவள் உடம்பு அவளுடையது. கேட்காமல் செய்தால் அது அடைத்துப் பூட்டிய வீடு, சாவி யாரிடமோ.

இதில் நமக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. தலித் பெண்ணுடல் யாரும் தொடலாம் என்பது ஊரின் எண்ணம். அந்த எண்ணத்தால் எத்தனை வன்கொடுமைகளைச் சந்தித்தோம்! அதற்குப் பதிலாக நாம், எங்கள் பெண்கள் மானமுள்ளவர்கள் என்று நிரூபிக்கப் புறப்பட்டோம். அந்த அவசரத்தில், நம் பெண்களுக்கு ஆசை உண்டு என்ற வார்த்தையையும் பூட்டிவைத்தோம். மேடையில் காயம்பட்ட உடலாக மட்டும் அவளைக் காட்டினோம். ஊருக்கு அவள் எளிதில் கிடைக்கும் உடல், அரசுக்கு எண்ணிக்கை, இயக்கத்துக்குக் காயம். அவளுக்கு அவள் யார்?

பாபாசாகேப் பிறந்தநாள் கூட்டங்களில் அரசியல் சட்டம் பேசுகிறோம், பூனா ஒப்பந்தம் பேசுகிறோம். 1934 வழக்கையும் 1938 தீர்மானத்தையும் யார் பேசுகிறார்கள்? இரண்டிலும் தோற்றார் என்பதாலா? இல்லை, பேசினால் வீட்டில் கேள்வி வரும் என்பதாலா?

தோழர்களே, இந்த அரங்கிலிருக்கும் ஆண்களிடம் ஒன்று கேட்கிறேன். கத்தி இல்லாமல் சில நிமிடத்தில் முடியும் ஆண் கருத்தடை வந்து பல வருடமாகிறது. உங்களில் எத்தனை பேர் செய்துகொண்டீர்கள்? கை தூக்கவேண்டாம். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். பெண்களிடம் கேட்பது வேறு. உங்கள் மகளுக்கு லூப், மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள். அதோடு, உனக்கு என்ன பிடிக்கும் என்றும் கேளுங்கள்.

என் அம்மாவிடம் அதை நான் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத்தனை வயசுக்கு இப்பதான் ஒருத்தி கேக்குறா" என்றார். பதில் சொன்னார். அதை இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. அது அவருடையது.