களத்துக் காவலுக்கு வந்த பணம்

1978-இல் அமெரிக்கா இயற்றிய அமெச்சூர் விளையாட்டுச் சட்டம், ஒவ்வொரு விளையாட்டையும் ஒரு தேசியச் சங்கத்தின் பொறுப்பில் விட்டது. அங்கே பயிற்சி பெறும் பிள்ளைகளைக் காப்பது யார் என்ற கேள்வி மட்டும் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது.

2016 ஆகஸ்டில் 'இண்டியானாபொலிஸ் ஸ்டார்' நாளிதழ் அந்த மௌனத்தை உடைத்தது. பயிற்சியாளர்கள் மீதான பல புகார்களை ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் காவல்துறைக்குத் தெரிவிக்கவே இல்லை என்று அது எழுதியது. அதைப் படித்த முன்னாள் வீராங்கனை ரேச்சல் டென்ஹாலண்டர், அணி மருத்துவர் லாரி நாசரின் பாலியல் கொடுமையைத் தன் பெயரோடு வெளியே சொன்னார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் நாசரால் பாதிக்கப்பட்ட 150-க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களை நாட்கணக்கில் கேட்டது. நீதி கிடைக்க அத்தனை பேர் தங்கள் காயத்தைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது என்பதே பெருங்கொடுமை.

அடுத்த மாதமே புதுச் சட்டம் வந்தது. சிறார் மீதான வன்முறை குறித்துச் சந்தேகம் எழுந்தால், 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். விளையாட்டு வீரர்களை வன்முறையிலிருந்து காக்க 2017-இல் டென்வரில் தொடங்கியிருந்த சேஃப்ஸ்போர்ட் மையத்துக்குச் சட்டபூர்வ அதிகாரமும் கிடைத்தது.

ஆனால் அதிகாரம் மட்டும் சம்பளம் கொடுக்காதே! 2018 மார்ச்சில் நாடாளுமன்றம், அந்த மையத்தின் பணிக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் வரை அரசு மானியம் வழங்க ஒப்புதல் தந்தது. தடுப்புப் பயிற்சிக்கும் சங்கங்களைத் தணிக்கை செய்வதற்குமான அந்தப் பணம் நீதித்துறை வழியே போனது. குவிந்த புகார்களுக்கு அது போதவில்லை. 2020-இல் வந்த இன்னொரு சட்டம், அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியே ஆண்டுதோறும் 2 கோடி டாலர் மையத்துக்குத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கமிட்டியின் நிர்வாகக் குழுவைக் கலைக்கும் அதிகாரத்தையும் நாடாளுமன்றத்துக்கு வழங்கியது.