ஜிஃப் படத்தை இளைக்க வைத்த கதை

இணையப் பக்கத்தில் சுழலும் பூமி, படபடக்கும் கொடி, "பணி நடைபெறுகிறது" என்று மண் வெட்டும் மனிதர். இந்தக் குட்டி அசைபடங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இவற்றின் எடையைக் குறைக்க ஒரு காலத்தில் எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டார்கள், அதற்காக ஒரு காப்புரிமைச் சண்டையே நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1990களின் நடுவில் 28.8 மோடம் என்றால் பெரிய விஷயம். விநாடிக்கு அதிகபட்சம் 3600 பைட் வரும். நூறுக்கு நூறு புள்ளி அளவில் பத்துச் சட்டங்கள் கொண்ட அசைபடத்தை அப்படியே அனுப்பினால் ஒரு லட்சம் பைட். ஏறக்குறைய 28 விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்!

இதற்குத் தீர்வு 1987லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் காம்புசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டின் குழு உருவாக்கியதுதான் ஜிஃப். (கிஃப் என்று சொல்பவர்கள் கோபிக்க வேண்டாம். ஜிஃப் என்றுதான் அவரே சொன்னார்.) உள்ளே இருந்த சூத்திரம் எல்.இசட்.டபிள்யூ. லெம்பெல், ஸிவ், வெல்ச் ஆகிய மூவரின் பெயர்ச் சுருக்கம் அது. திரும்பத் திரும்ப வரும் புள்ளி வரிசைக்கு ஒரு எண் கொடுத்து, அடுத்தமுறை வரிசைக்குப் பதில் அந்த எண்ணை மட்டும் எழுதும். ஒரே நிறத்தில் பரந்து கிடக்கும் வானம் சுருங்கிவிடும். புள்ளி தூவிய நிழல் சுருங்காது. அதனால்தான் அக்காலத்து வடிவமைப்பாளர்கள் 256 நிறத்தை 16 ஆக்கினார்கள், நிழலைத் தவிர்த்தார்கள்.

1989ல் வந்த பதிப்பில் சட்டங்களுக்கு இடையே கால இடைவெளி வைக்கலாம், ஒரு நிறத்தை ஒளி ஊடுருவும்படி செய்யலாம். நெட்ஸ்கேப் 2.0 முடிவில்லாமல் சுழலவும் வழி செய்தது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு சட்டமும் முழுப்படமாக இருக்க வேண்டியதில்லை. முகத்தில் கண் மட்டும் சிமிட்டினால் கண் இருக்கும் 20க்கு 10 துண்டை மட்டும் அனுப்பினால் போதும். பத்தாயிரம் புள்ளிக்குப் பதில் இருநூறு. துண்டுக்குள்ளும் மாறாத புள்ளிகளை ஊடுருவும் நிறமாக்கினால் நீண்ட ஒரே வரிசைகள் கிடைக்கும், எல்.இசட்.டபிள்யூ இன்னும் நன்றாகச் சுருக்கும். என்ன மூளை பாருங்கள்!

ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு 1985லேயே ஸ்பெர்ரி நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தது. பின்னர் அது யூனிசிஸ் கைக்குப் போனது. காம்புசர்வ் இதை அறியாமலே பயன்படுத்திவிட்டது. உலகமே ஜிஃப்புக்குப் பழகிய பிறகு, 1994 டிசம்பர் கடைசியில், ஜிஃப் மென்பொருள் எழுதுபவர்கள் கட்டணம் கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கோபத்தில் சில நிரலாளர்கள் 1995 ஜனவரியில் தொடங்கியதுதான் பி.என்.ஜி. நல்ல வடிவம்தான், ஆனால் அப்போது அதில் அசைவு இருக்கவில்லை. எனவே அசைபடக்காரர்கள் ஜிஃப்பை விட முடியவில்லை.

1999ல் உரிமம் இல்லாத மென்பொருளில் செய்த ஜிஃப்பை வைத்திருக்கும் தளங்களிடமே 5000 டாலர் என்று பேச்சு வந்தது. அந்த நவம்பர் 5ஐ "ஜிஃப்களை எரிக்கும் நாள்" என்று அறிவித்தார்கள். படம் வரையும் ஜிடி நூலகம் ஜிஃப்பையே கைவிட்டது. லிபங்ஜிஃப் என்ற நூலகமோ இன்னும் விசித்திரம். சூத்திரத்தைத் தொடாமல், சுருக்கப்படாத ஜிஃப்களை எழுதியது. எல்லா உலாவியிலும் தெரியும், ஆனால் குண்டு குண்டாக இருக்கும். சுருக்குவதற்காகவே பிறந்த வடிவம், சட்டத்துக்குப் பயந்து ஊதிப்போனது! என் பார்வையில் இந்தக் கதையின் சோகமான பகுதி இதுதான்.

அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20ல் காலாவதியானது. ஜப்பானிலும் சில ஐரோப்பிய நாடுகளிலும் 2004ல். அதே 2004ல் ஜிடி நூலகத்தில் ஜிஃப் திரும்பியது.

அதற்குள் அகலக்கற்றை பரவத் தொடங்கிவிட்டது, பைட் எண்ணுபவர்கள் குறைந்தார்கள். பின்னால் பல மெகாபைட் ஜிஃப்கள் குவிந்தபோது, 2014ல் ட்விட்டர் பயனர் ஏற்றும் ஜிஃப்பை எம்பி4 காணொளியாக மாற்றிக் காட்டத் தொடங்கியது. அதுவும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் அதே பழைய யோசனைதான், சற்று விரிவாக.